பம்பளிமாஸும் வலி மாத்திரையும்

பஸ் ஓட்டுகிறவள் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது, அவளுடைய பம்பளிமாஸ் குப்பைக்கூடையில் கிடந்தது. காலையில் பாதி உரித்து, நேரமாகிவிட்டதால் தட்டுப் போட்டு மூடிவிட்டுப் போன பழம். எட்டு மணி நேரம் கிளட்சை மிதித்த இடது முழங்கால் விண்விண்ணென்று தெறிக்க, அந்தச் சுளைகளை நினைத்துக்கொண்டுதான் கடைசி நடையை ஓட்டி முடித்திருந்தாள்.

"நான்தான் போட்டேன்" என்றாள் அக்கா, போனிலிருந்து தலை தூக்காமல். "வலி மாத்திரை போடறவங்க இதத் தொடவே கூடாதாம். விஷமாயிடுமாம். வாட்ஸப் குரூப்ல வந்திருக்கு."

அக்கா ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. பள்ளிக்கூடம் அவளுக்கு ஓய்வு கொடுத்ததே தவிர, அவள் யாருக்கும் ஓய்வு கொடுக்கவில்லை. தாயும் தகப்பனும் போன பிறகு தங்கையை வளர்த்து ஆளாக்கியவள். அந்த நன்றிக்கு முன்னால் தங்கையின் வாய் எப்போதும் அடைத்துப்போகும். அக்கா வேண்டாமென்றதால் அவள் விட்டவை பல: நீச்சல், ஒரு நாய்க்குட்டி, ஒரு நல்ல மனிதர். அவரை அக்கா ஏன் வேண்டாமென்றாள் என்பதுகூட இந்த ஐம்பத்திரண்டு வயதில் மறந்துவிட்டது. தான் தலையாட்டியது மட்டும் மறக்கவில்லை.

மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு, சீருடையைக்கூட மாற்றாமல் வாசலுக்குத் திரும்பினாள்.

"எங்கடீ கிளம்பிட்டே?"

"மருந்துக்கடையில கேட்டுட்டு வரேன்."

"ஏன், நான் சொன்னா போதாதா?"

"போதாதுக்கா."

சொன்ன பிறகுதான் சொன்னதே அவளுக்குத் தெரிந்தது. காது மடல் சூடாகியது. ஆனாலும் கால் நிற்கவில்லை.

மருந்துக்கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அட்டையைப் பார்த்தார். "வெறும் பாரசிட்டமால்தானே? இதுக்கும் பம்பளிமாஸுக்கும் பெரிசா சண்டை இல்ல. தாராளமா சாப்பிடுங்க. ஆனா ஒரு நாளைக்கு எத்தன போடறீங்க?"

"வலிச்சா போடுவேன்."

"அதுதான் தப்பு. அளவு மீறினா ஈரல் கெட்டுப்போகும். சளி மாத்திரையிலயும் இதே மருந்து இருக்கும், ரெண்டையும் சேத்துப் போட்டுடாதீங்க." அட்டையைத் திருப்பிக் கொடுத்தவர் ஏதோ நினைவு வந்தவராகக் கேட்டார்: "ஆமா, உங்க அக்காவும் இந்தப் பழம் சாப்பிடறாங்களா? அவங்க இங்க வாங்கற கொழுப்பு மாத்திரைக்குத்தான் இது ஆகாது. சேந்தா சில பேருக்குக் கை கால் சதையெல்லாம் வலி எடுக்கும். டாக்டரக் கேட்டுக்கச் சொல்லுங்க."

வழியில் தள்ளுவண்டியில் இருந்ததிலேயே பெரிய பழமாகப் பொறுக்கினாள். வந்ததும் மேசையில் அக்காவுக்கு எதிரே உட்கார்ந்து, கத்தியை இறக்கினாள்.

"கடைக்காரன் சொன்னா வேதமா?"

"அவர் அதுக்குன்னே படிச்சவரு. உன் குரூப்ல யாரு படிச்சா?" தோல் பிளந்தது. "எனக்கு ஒண்ணுமில்லயாம். உன் கொழுப்பு மாத்திரைக்குத்தான் ஆகாதாம்."

அக்காவின் விரல் போன் திரையில் அப்படியே நின்றது. "முந்தாநாள் பாதிப் பழம் நாந்தானே தின்னேன்?" குரல் சின்னப்பிள்ளையுடையது போலிருந்தது. "அதான் ரெண்டு நாளா என் காலு வலிக்குதோ?"

குத்திக்காட்ட அருமையான சந்தர்ப்பம். தங்கை அதை விட்டுவிட்டாள்.

"எனக்கென்ன தெரியும்? வர்ற வழியிலேயே நாளைக்கு லீவு சொல்லிட்டேன். டாக்டர்கிட்ட போறோம்."

"நான் வரல."

"உன்னக் கேக்கலக்கா."

அக்கா போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். தங்கை வெள்ளைச் சவ்வை நிதானமாக உரித்து, சுளையை முழுசாக வாயில் போட்டுக் கடித்தாள். சாறு மணிக்கட்டில் வழிந்து சீருடைக் கைக்குள் இறங்கியது. துடைக்காமல் அடுத்த சுளையைப் பிரித்தாள்.