தரையிலிருந்து எழ பத்து விநாடி

எனக்கு மூக்கின் மேல் கோபம். இருபத்து நான்கு வருடமாகக் குழந்தைகளின் நரம்பையும் தசையையும் பார்க்கிறேன். தாம்பரத்தில் ஜெரூஷா டாக்டரிடம் திட்டு வாங்காத பெற்றோர் குறைவு. ஆனால் ஒரு குழந்தை தரையிலிருந்து எழும்போது மட்டும் நான் வாயைத் திறக்க மாட்டேன். அந்த நேரம் எனக்கு வேறு மாதிரி ஓடும்.

சோதனை இவ்வளவுதான். குழந்தை பாயில் மல்லாந்து படுக்க வேண்டும். நான் "சரி" என்றதும் எழுந்து நிற்க வேண்டும். சுவரைப் பிடிக்கக் கூடாது, யாரும் கை கொடுக்கக் கூடாது. நான் ஸ்டாப்வாட்சை அமுக்குவேன். தசை வலுவிழந்த குழந்தை நேராக எழாது. குப்புறப் புரண்டு, கையை ஊன்றி, முழங்காலைப் பிடித்து, தொடையைப் பிடித்து, தன் உடம்பின் மேலேயே ஏணி ஏறுவதுபோல ஏறி வரும். அதைப் பார்க்கும்போது வெளியே ஓடும் மின்சார ரயிலின் சத்தம் எங்கோ தூரமாகிவிடும். ஒரு விநாடிக்கும் அடுத்த விநாடிக்கும் நடுவே எவ்வளவோ இடம் இருப்பதாகத் தோன்றும். நான் அங்கே உலாவிக்கொண்டிருப்பேன். சில நாள் கனவிலும் வருகிறது. பள்ளிக்கரணைச் சதுப்பில் பனி மூடியிருக்கிறது, நான் பார்த்த அத்தனை குழந்தைகளும் தண்ணீருக்குள்ளிருந்து மெல்ல எழுகிறார்கள், யாருக்கும் ஓர் அவசரமும் இல்லை. விழித்தால் அழுகை அழுகையாக வரும்.

அன்றைக்கு வந்தவள் தமிழினி. ஊரப்பாக்கம், எட்டு வயது. அப்பா தயாளன் திருமுடிவாக்கத்தில் லேத் ஓட்டுகிறவர், லீவு கிடைக்கவில்லை. அம்மா சாமுண்டீஸ்வரி கூட்டி வந்திருந்தாள். நாங்கள் நடத்தும் புது மருந்து ஆராய்ச்சியில் ஒரே ஓர் இடம் மிச்சம் இருந்தது. பத்து விநாடிக்குள் எழுகிற குழந்தைக்குத்தான் அது. இரண்டு தடவை முயலலாம், அதற்கு மேல் கிடையாது. ஆறு மாதத்துக்கு முன்னால் தமிழினி எட்டு விநாடியில் எழுந்தவள். அதனால் நான் நிம்மதியாகவே இருந்தேன்.

"சரி," என்றேன்.

புரண்டாள். கையை ஊன்றினாள். அவள் பின்னல் தோளிலிருந்து நழுவி விழுவதைக்கூட என்னால் முழுசாகப் பார்க்க முடிந்தது. முழங்காலில் ஒரு கை. ரொம்ப நேரம் கழித்து இன்னொரு கை. அறை முழுக்க வெயில் அசையாமல் நின்றது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

பதினாலு விநாடி.

பிசியோதெரபிஸ்ட் அபிகாயில் என் முகத்தைப் பார்க்காமல் எழுதிக்கொண்டாள். சாமுண்டீஸ்வரிக்கு மட்டும் ஒரு பதற்றமும் இல்லை.

"பாத்தீங்களா மேடம், கொயந்த எவ்ளோ கஷ்டப்படுது? மருந்து குடுத்துருவீங்க இல்ல?"

"என்னம்மா சொல்றே? பத்துக்குள்ள எழுந்தாத்தான் மருந்து!"

அவள் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ மேடம், நான்தான் மெதுவா எந்திரின்னு சொல்லிக் கூட்டிகினு வந்தேன். ஊனமுற்றோர் அட்டைக்குப் போனப்போ, 'பொண்ணு நல்லாதான நடக்குது, இன்னாத்துக்கு அட்டை'ன்னு தொரத்தி வுட்டாங்க. இங்கயும் அப்டித்தான்னு நெனச்சேன்."

எனக்கு வந்ததே கோபம்! "ஏசப்பா! அறிவிருக்காம்மா உனக்கு? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்று கத்தினேன். படிவத்தில் கையெழுத்து வாங்கியபோது நான் வளவளவென்று விளக்கியதில் அவளுக்கு எது புரிந்தது என்று நானும் கேட்டதில்லை. அது வேறு உறுத்தியது. ஆனால் கத்தக் கத்த உள்ளே ஜில்லென்று இருந்தது. அப்பாடா, பெண் மெதுவாக எழுந்தது நடிப்புதான்! சாமுண்டீஸ்வரியை ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

பதினைந்து நிமிடம் ஓய்வு கொடுத்தோம். தமிழினி தண்ணீர் குடித்தாள். பிறகு பாயில் போய்ப் படுத்தாள்.

"இந்த வாட்டி நெசமா எந்திரிடி கண்ணு," என்றாள் அம்மா.

"சரி," என்றேன்.

எட்டாவது விநாடியில் அவளுடைய ஒரு கை இன்னும் பாயில்தான் இருந்தது. பத்து மெல்ல வந்து, மெல்லப் போனது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தொடையைப் பற்றினாள். நின்றபோது பதினைந்து.

"வெளையாடாதடி!" சாமுண்டீஸ்வரியின் குரல் உடைந்தது.

தமிழினிக்கு மூச்சு வாங்கியது. "ரெண்டு வாட்டியும் நெசமாத்தாம்மா எந்திரிச்சேன். வேகமா எந்திரிக்கிறவங்களுக்குத்தான் மருந்துன்னு நீ கையெழுத்து போட்ட அன்னிக்கே அபி அக்கா சொன்னாங்க. அதான் நீ சொன்னத நான் கேக்கல."

சாமுண்டீஸ்வரி சுவரோரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இந்தப் பெண் சொல்வது பொய்யாக இருக்கக் கூடாதா என்று நான் ஏங்கினேன். இத்தனை வருடப் படிப்பும் ஆராய்ச்சியும் எதற்கு என்று வெறுத்துப்போனது. அபிகாயில் பேனாவைப் பிடித்தபடி எனக்காகக் காத்திருந்தாள்.

தமிழினி எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு யாரும் சொல்லாமலே முழங்காலை மடித்து இறங்கி, பாயில் மறுபடியும் மல்லாந்து படுத்தாள்.

"இன்னொரு வாட்டி, டாக்டர். ரெடி."

"மூணாவது தடவை கிடையாதும்மா," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவளுக்கும் கேட்கவில்லை. புரண்டு, கையைத் தரையில் ஊன்றினாள்.