லைட் ஹவுஸ் வாசலில் ஒரு டிரம்

பெங்களூர் ஆஸ்டின் டவுன் வேதநாயகிக்கு இங்கிலீஷில் தன் பெயரை எழுதத் தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஆனாலும் ஏழாம் வகுப்பு இங்கிலீஷில் மூன்று முறை இருபதுக்கு இருபது வாங்கியிருக்கிறாள். மார்க் என்னவோ மகள் தாரணியின் பெயரில்தான் விழுந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் பாடத்துக்குக் கட்டுரை எழுதினால் மட்டும் போதாது, பாடத்தில் வரும் கதையை மாடலாகவும் செய்து கொண்டுபோக வேண்டும். எந்த வீட்டில் பிள்ளை செய்கிறது? அம்மாக்கள்தான் செய்கிறார்கள். இது வாத்தியார்களுக்கும் தெரியும்.

வேதநாயகிக்கு ஒரு ஐ.டி. கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. அங்கே தூக்கிப் போடும் அட்டைப்பெட்டி, தெர்மாகோல் எல்லாம் சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இவள் வீட்டுக்கு வந்துவிடும். கத்தியும் ஃபெவிகாலும் கைக்கு வந்துவிட்டால் அவளுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

ஆனால் அவள் ஆசை மாடல் மேலும் இல்லை, மார்க் மேலும் இல்லை. மாடல் செய்யக் கதை தெரிய வேண்டுமே! அதற்காகவாவது தாரணி பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லியாக வேண்டும். பன்னிரண்டு வயசு ஆனதிலிருந்து அந்தப் பெண் அம்மாவிடம் பேசுவது ‘ம்’, ‘தெரில’, ‘அப்புறம்’ என்ற மூன்றோடு சரி. புராஜெக்ட் வந்தால் மட்டும் ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க வாய் ஓயாது. அந்த ஒரு மதியத்துக்காக வேதநாயகி மாதக்கணக்கில் ஏங்கிக் கிடப்பாள். அடுத்த புராஜெக்ட் எப்போது என்று பிள்ளையை விட ஆவலாகக் காலண்டரைப் பார்க்கிற அம்மா பெங்களூரில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

கடைசியாக வந்தது, நடுக்கடலில் ஒரு லைட் ஹவுஸில் தனியாக இருக்கும் அப்பா, மகள் கதை.

“பதினஞ்சு நாளைக்கு ஒருவாட்டி தாம்மா கப்பல் வரும். சாமான்லாம் அதுல தான்” என்றாள் தாரணி.

“தண்ணி?”

“சுத்தியும் கடல்மா.”

“அத வாயில வைக்க முடியுமாடி? குடிக்கறதுக்கு இன்னா பண்ணுவாங்க?”

தாரணி யோசித்தாள். புத்தகத்தில் அது இல்லை. “டிரம்ல புடிச்சு வெச்சிருப்பாங்க. அந்தப் பொண்ணு தினம் மூடியத் திறந்து பாப்பாம்மா. தண்ணி அடியில போய்ட்டா அவளுக்கு சந்தோஷமா இருக்கும். கப்பல் வர்ற நாள் கிட்ட வந்துடுச்சுல்ல? கப்பல்ல மனுஷங்க வருவாங்க.”

வேதநாயகிக்கு மெய் சிலிர்த்தது. ஒரு மருந்து டப்பாவுக்கு நீலம் அடித்து, லைட் ஹவுஸ் வாசலில் டிரம்மாக ஒட்டினாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் குழாயில் தண்ணீர் வரும் தெருவில் இருப்பவளுக்கு, வாசலில் டிரம் வைத்த பிறகுதான் அது மனிதர்கள் இருக்கும் வீடாகத் தெரிந்தது.

அடுத்த மாதம் பெற்றோர் கூட்டம். இங்கிலீஷ் வாத்தியார் க்ளென் சார் தமிழர்கள் நிறைந்த லிங்கராஜபுரத்துக்காரர், தமிழ் பேசுவார். கூட்டம் தொடங்கியதுமே தாரணியோடு படிக்கும் ரக்ஷிதாவின் அப்பா சேஷகிரி எழுந்துவிட்டார்.

“இங்கிலீஷ் கிளாஸ்ல எதுக்கு சார் தெர்மாகோல்? என் ஒய்ஃப் உக்காந்து ஒட்டறா, பொண்ணு டிவி பாக்கறா. படிக்கச் சொல்லுங்க, எழுதச் சொல்லுங்க.”

“எழுத வராத பிள்ளைங்களுக்கு இதுலயாவது மார்க் வரட்டுமே” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“எனக்கே குழப்பமாத்தான் இருக்கு. எல்லாரோடவும் தனியா பேசிடறேன். கடைசில கை தூக்குங்க, அப்படியே முடிவு பண்ணிடலாம்” என்றார் சார்.

வேதநாயகி அப்போதே முடிவு கட்டிவிட்டாள். புராஜெக்ட் வேண்டும் என்று ஒரு கை என்ன, இரண்டு கையும் தூக்குவாள். சேஷகிரிக்கு என்ன தெரியும்? அவர் வீட்டில் பேச்சுக்குப் பஞ்சமிருக்காது.

“தாரணி அம்மா, வாங்க” என்று கூப்பிட்டு சார் பேப்பரைக் காட்டினார். மாடலுக்கு இருபது. எழுத்துக்கு ஆறு. “வாசல்ல டிரம் எதுக்குன்னு கேட்டேம்மா. இங்கிலீஷ்ல சொல்லணும். ரெண்டு வார்த்தையில திக்கி நின்னுட்டா. கிளாஸே சிரிச்சுது. அவளுக்குக் கண்ணு கலங்கிடுச்சு.”

இதைப் பற்றித் தாரணி வீட்டில் மூச்சு விடவில்லை. வேதநாயகி பிள்ளையை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் அந்த டிரம் விஷயத்தை, தண்ணீர் குறையக் குறைய அந்தப் பெண்ணுக்கு ஏன் சந்தோஷம் என்பதை, தாரணி சொன்னபடியே ஒப்பித்தாள். சார் பேனாவைக் கீழே வைத்தார்.

“இத அவளா சொன்னா? நாலு வரி எழுதியிருந்தா கிளாஸ்ல இவளுக்குத்தாம்மா முதல் மார்க்.”

“ஏன் சார் எழுதல?”

“எழுத வேண்டிய தேவையே வரலியே. உங்ககிட்ட சொல்லிட்டா, நீங்க செஞ்சு குடுத்துட்டீங்க. வேல முடிஞ்சு போச்சு.”

அவர் குற்றமாகச் சொல்லவில்லை. இவளுக்குத்தான் உறைத்தது. வகுப்பில் நாற்பது பேர் கேட்டிருக்க வேண்டிய பேச்சை ஒருத்தியாகக் கேட்டுத் தீர்த்திருக்கிறாள். இனி அந்த மதியங்கள் இல்லாமல் எப்படி இருப்பது?

“புராஜெக்ட் வேணாங்கறவங்க கை தூக்குங்க” என்றார் சார், எல்லோரிடமும் பேசி முடித்ததும்.

சேஷகிரி முதலில் தூக்கினார். வேதநாயகி மடியில் கிடந்த கையைப் பார்த்தாள். பிறகு தூக்கினாள். சேஷகிரி திரும்பி, மெச்சுகிற மாதிரி சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புராஜெக்ட் நின்று நாலு வாரம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தாரணி முதுகைக் காட்டி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். சொந்தமாக ஒரு கதை எழுதச் சொல்லியிருந்தார் சார். வேதநாயகி காய்ந்த துணியை மடித்தாள், மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். பொறுக்க முடியவில்லை.

“இன்னா கதடி?”

“ம்.”

“சொல்லேன். கேக்கறேன்.”

தாரணி திரும்பினாள். “இது இங்கிலீஷ்ல தாம்மா வந்துச்சு. தமிழ்ல சொன்னா அந்த மாதிரி வர மாட்டேங்குது.”

அவள் மனசு நோகச் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னாள்.

வேதநாயகி துணியைத் தள்ளிவிட்டு மகளுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள். “அப்ப இங்கிலீஷ்லயே சொல்லு.”

தாரணி முதலில் தயங்கினாள். பிறகு நோட்டைப் பார்த்துப் படிக்க ஆரம்பித்தாள். இரண்டு இடத்தில் திக்கியது, அப்புறம் வேகம் பிடித்தது. ஒரு இடத்தில் அவளுக்கே சிரிப்பு வந்தது. வேதநாயகியும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக. பக்கம் திருப்பும்போது தாரணி நிமிர்ந்தாள்.

“புரியுதாம்மா?”

“புரியுது. நிறுத்தாத, படி.”