சிவப்பு மார்க்கர்

பொத்தானை அழுத்தியதும் மடிக்கணினியின் திரையில் கம்பெனிச் சின்னம் வந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் போய், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி மட்டும் நின்றது. இயங்குதளத்தைக் காணவில்லையாம். சுகுமாரன் அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தார். அதே வரிதான்.

"ரெண்டு நாளா இதே மாதிரிதாண்ணே. ரோசாக் ஆயிருச்சா, கெட்டுப்போச்சா?" என்றாள் குமுதா. சுங்காய் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில், இப்போது எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை நாற்றுப் பைகளில் மண் நிரப்புகிறவள். வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, ஆறாம் படிவம் படிக்கும் மகள் தினேஸ்வரியையும் இழுத்துக்கொண்டு விடியற்காலை பஸ்ஸில் ஈப்போ வந்திருந்தாள். அங்கே புந்தோங் பகுதியில் நாலு பேரிடம் வழி கேட்டு, கணினி பழுதுபார்க்கும் இந்தக் கடையைக் கண்டுபிடித்திருந்தாள்.

"சுங்காய் டவுன்லயே கடை இருக்கேம்மா. எதுக்கு இவ்வளவு தூரம்?"

"உங்களத் தேடித்தாண்ணே வந்தேன். லேப்டாப் குடுத்த அன்னிக்கு நீங்க மேடையில இருந்தீங்கள்ல? நம்ம ஆளு இருக்காரு, அவரு பார்த்துக்குவாருன்னு இவகிட்ட சொன்னேன்." சுவரைக் காட்டினாள். "அதோ, அந்தப் படம்தான்."

சட்டம் போட்ட படம். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நாற்பது மடிக்கணினி கொடுத்த விழா. வாங்கியது நாற்பது பிள்ளைகள் என்றால் கொடுக்க மேடையேறியது ஐம்பது பேர். நடுவில் ஒய்.பி. என்று எல்லாரும் அழைக்கும் சட்டமன்ற உறுப்பினர், அவர் பக்கத்தில் விழா நடத்திய சங்கத்தின் செயலாளர் பவித்ரன், அவன் பக்கத்தில் பொன்னாடை போர்த்திய சுகுமாரன். பவித்ரன் சுகுமாரனுடைய மனைவியின் தம்பி. சுகுமாரனுக்குத் 'தொழில்நுட்ப ஆலோசகர்' என்று பட்டம் கொடுத்து மேடையேற்றியதும் அவன்தான். ஆறு மாதமாகத் தினமும் காலையில் சாமி படத்துக்கும் முன்னால் அந்தப் படத்தைத்தான் துடைக்கிறார். மனுஷனுக்கு அப்படி ஒரு ஆசை.

"உள்ள என்னம்மா வச்சிருந்தே?" என்று பெண்ணிடம் கேட்டார்.

"எஸ்டிபிஎம் பரீட்சைக்கான ஆய்வு, அங்கிள். ரப்பரை அழிச்சிட்டு செம்பனை போட்டதுக்கப்புறம் எந்த வீட்டுல யாரு என்ன வேலைக்குப் போனாங்கன்னு. எங்க தோட்டத்துல அறுபத்து மூணு வீடு. நாலு மாசம் வீடு வீடா போயி கேட்டேன். வெள்ளிக்கிழமை அனுப்பணும். அனுப்பலைன்னா அந்தப் பாடமே போச்சு."

"பேப்பர்ல எழுதி வைக்கலியா? பென்டிரைவ்ல?"

"பென்டிரைவ் இல்ல. தோட்டத்துல இன்டர்நெட் லைனும் கிடைக்காது. லேப்டாப்தான் இருக்கேன்னு நேரா அதுலயே அடிச்சேன்." குற்றம் செய்தவள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள்.

இன்று புதன்கிழமை. சுகுமாரன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வேலையில் இறங்கினார். இருபத்திரண்டு வருஷத் தொழில். கை ஒழுங்கானது, அதில் யாரும் குறை சொல்ல முடியாது. அமைப்புப் பக்கத்துக்குள் போய்ப் பார்த்தார். ஹார்ட் டிஸ்க் ஒருமுறை தெரிந்தது, அடுத்தமுறை தெரியவில்லை. காதைக் கீழே வைத்துக் கேட்டார். டிக், டிக் என்று உள்ளே எதுவோ தட்டிக்கொண்டிருந்தது. மென்பொருள் கோளாறு என்றால் அரை மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம். இது அது இல்லை.

கணினியைக் கவிழ்த்தார். சங்கத்தின் சின்னம் போட்ட ஸ்டிக்கரைக் கிழித்து திருகாணிகளைக் கழற்றி, டிஸ்கை வெளியே இழுத்தார். இழுத்த கை அப்படியே நின்றது.

டிஸ்கின் லேபிளில் மங்கலாக ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. யாரோ தின்னர் போட்டுத் துடைத்திருக்கிறார்கள். மேலே அழிந்திருக்கிறது, ஓரத்துப் பள்ளத்தில் தங்கிவிட்டது. குறிக்குக் கீழே ஒரு தேதி. கையெழுத்து அவருடையது.

சாகப்போகிற டிஸ்க் எதைப் பார்த்தாலும் சிவப்பு மார்க்கரால் குறி போட்டுத் தேதி எழுதி, அலமாரியில் இருக்கும் பிஸ்கட் டின்னில் எறிவது அவர் பழக்கம். கை தவறி வேறு ஒருவர் கணினியில் போட்டுவிடக்கூடாது என்ற ஜாக்கிரதை. போன வருஷம் பவித்ரன் வந்து, பழைய இரும்புக்குப் போடலாம் என்று அந்த மாதிரி ஒரு மூட்டையை அள்ளிக்கொண்டு போனான். "இன்னும் சுத்துறத மட்டும் பொறுக்கிக் குடுங்க மச்சான்" என்றான். வெறும் பழைய இரும்புக்கு எதற்குச் சுற்றுகிற டிஸ்க் என்று சுகுமாரன் கேட்கவில்லை. உட்கார்ந்து பொறுக்கியும் கொடுத்தார். பிறகு விழாவுக்கு முதல் நாள் ஒரு தாளை நீட்டினான். நாற்பதையும் சோதித்தேன், நல்ல நிலையில் இருக்கின்றன என்று எழுதியிருந்தது. மேஜையில் மூன்று கணினிதான் இருந்தன. மூன்றையும் போட்டுப் பார்த்துவிட்டு நாற்பதுக்கும் கையெழுத்துப் போட்டார். பொன்னாடை அளவு பார்த்து வாங்கியாகிவிட்டது என்று அதே மூச்சில் பவித்ரன் சொல்லியிருந்தான்.

"என்னண்ணே?" என்றாள் குமுதா.

"ஒண்ணுமில்லம்மா, பார்க்கிறேன்."

குறி தெரியாமல் டிஸ்கைக் கவிழ்த்து, கேபிள் மாட்டித் தன் கணினியில் இணைத்தார். எப்படியாவது அந்தப் பெண்ணின் ஆய்வை எடுத்துக் கொடுத்துவிட வேண்டும் என்று உண்மையாகவே வேண்டிக்கொண்டார். கால் மணி நேரம் கழித்துக் கோப்புகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. வீடு 1, சின்னையா தாத்தா. வீடு 2, இருளாயி பாட்டி. வீடு 63 வரைக்கும் வந்தது. "வந்திருச்சு!" என்று தினேஸ்வரி அம்மாவின் கையைப் பிடித்துக் குதித்தாள். சுகுமாரன் முதல் கோப்பைத் திறந்தார். திறக்கவில்லை. அடுத்ததும் திறக்கவில்லை. அறுபத்து மூன்றையும் முயன்றார். பெயர் இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. டிக் சத்தமும் நின்றுபோனது. டிஸ்க் செத்துவிட்டது.

போனை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார்.

"சொல்லுங்க மச்சான்," என்றான் பவித்ரன்.

"நான் குடுத்த பழைய டிஸ்கையாடா அந்த லேப்டாப்புல போட்டே?"

"புதுசு வர லேட்டாச்சு. ஒய்.பி. தேதி குடுத்துட்டாரு. என்ன செய்யச் சொல்றீங்க? ஆறு மாசம் ஓடிச்சுல்ல?"

"ஒரு பிள்ளையோட படிப்பு போகுதுடா."

"கீழ போட்டிருக்கும்னு சொல்லுங்க லா. சின்னப் பிள்ளைங்கதானே, யாரு கேக்கப்போறா? செக் பண்ணிக் கையெழுத்துப் போட்டது நீங்க மச்சான். அத மறந்துட்டுப் பேசாதீங்க."

வைத்துவிட்டான். சுகுமாரனுக்குக் கோபம் தலைக்கேறியது. உள்ளே போய்ச் சொல்லிவிடுகிறேன், என்ன ஆனாலும் ஆகட்டும் என்றுதான் திரும்பினார். அந்த இடத்திலிருந்து மேஜைக்குப் பத்தடி. பத்தடி நடப்பதற்குள் கடைப் பெயர், ஊர்ப் பேச்சு, மனைவியின் முகம், மீதி முப்பத்தொன்பது கணினி எல்லாம் கண்முன் வந்து நின்றன. கோழைக்குப் பத்தடி போதும்.

"எடுக்க முடியலம்மா. டிஸ்க் போச்சு."

குமுதா மகளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "எப்படிண்ணே போகும்? கீழ போட்டுட்டாளா? உள்ளதச் சொல்லுங்க."

"அடிபட்டிருக்கும் போல," என்றார் சுகுமாரன்.

"நான் போடல!" என்றாள் தினேஸ்வரி. "அம்மா, சத்தியமா போடலம்மா. தம்பியக்கூட தொட விட்டதில்ல."

"வாய மூடு! இத்தன வருஷம் இதே தொழில்ல இருக்காரு, அவரு பொய்யா சொல்லுவாரு?" குமுதா மகளின் தோளில் ஓங்கி அடித்தாள். இன்னொரு அடி விழுந்தது. "நாலு மாசம் மழையிலயும் வெயில்லயும் அலைஞ்சியேடி! பத்திரமா வச்சிருக்கத் தெரியல?" சொல்லும்போதே அவளுக்கும் அழுகை வந்துவிட்டது. தடுக்க எழுந்த சுகுமாரனின் கை பாதியிலேயே நின்றுவிட்டது. தடுக்கிற தகுதி தனக்கு இல்லை என்பது அந்தக் கைக்காவது தெரிந்திருந்தது.

புது டிஸ்க் ஒன்றைப் பிரித்து மாட்டினார். இயங்குதளம் ஏற்றினார். காசு வேண்டாம் என்றார். குமுதா கையெடுத்துக் கும்பிட்டாள். "நல்லா இருப்பீங்கண்ணே. இந்தக் காலத்துல யாரு இப்படிச் செய்றா?" புழுக்கத்தில் வேலை செய்கிறாரே என்று, சொல்லச் சொல்லக் கேட்காமல் எதிர்க்கடைக்கு ஓடினாள், அவருக்குக் குடிக்க ஏதாவது வாங்கி வர.

கடையில் இருவர் மட்டும்.

"பழைய டிஸ்கைக் குடுங்க அங்கிள்."

"அது எதுக்கும்மா? ஒண்ணும் எடுக்க முடியாது."

"குடுங்க."

கொடுத்தார். தினேஸ்வரி அதைத் திருப்பினாள். பள்ளத்தில் தங்கியிருந்த சிவப்பை விரல் நகத்தால் ஒருமுறை கீறிப் பார்த்தாள். அலமாரிக்கு நடந்தாள். மூடியில்லாத பிஸ்கட் டின்னுக்குள் இருபது, முப்பது டிஸ்க். ஒவ்வொன்றின் மேலும் சிவப்புப் பெருக்கல் குறி, கீழே தேதி, அதே கையெழுத்து. அவ்வளவு நேரமும் அழுதபடி அவள் பார்த்துக்கொண்டு நின்றது அந்த டின்னைத்தான் என்று சுகுமாரனுக்கு அப்போதுதான் உறைத்தது. தன் கையிலிருந்ததை அவற்றின் மேல் வைத்தாள். எறியவில்லை, மெதுவாக வைத்தாள்.

"ம்மா..." என்று ஆரம்பித்தார்.

"நான் போடலன்னு உங்களுக்குத் தெரியும்," என்றாள்.

குமுதா பிளாஸ்டிக் பையில் கட்டிய ஐஸ் தேநீருடன் வந்துவிட்டாள். அதை அவர் கையில் திணித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணே, ஒரு படம் எடுத்துக்கலாமா? தோட்டத்துல காட்டுறேன். இன்னும் ரெண்டு மூணு பிள்ளைங்க லேப்டாப்பு இதே மாதிரிதான் ஆயிருக்கு. உங்ககிட்டயே வரச் சொல்றேன். நீ எடுடி."

மடிக்கணினியின் ஒரு முனையைக் குமுதா பிடித்துக்கொண்டாள், மறு முனையை அவர் பிடிக்க வேண்டியதாயிற்று. பின்னால் சுவரில் சட்டம் போட்ட படம். தினேஸ்வரி போனைத் தூக்கிப் பிடித்தாள். கண் வீங்கியிருந்தது, கை ஆடவில்லை.

"சிரிங்க அங்கிள்," என்றாள். "அன்னிக்கு மேடையில சிரிச்சீங்கள்ல, அந்த மாதிரி."

சுகுமாரன் சிரித்தார்.