வைக்காத புள்ளி

வெளியே சந்தில் பாடைக்கு மூங்கிலை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சண்முகவடிவு உள்ளே சுவரில் சாய்ந்து, ஆஸ்பத்திரிச் சீட்டின் பின்புறத்தை மறுபடி பார்த்தாள். பென்சிலால் ஒரே ஒரு கிறுக்கல். தம்பி நயினார் நேற்று எழுதியது. தொண்டையில் குழாய் இருந்ததால் பேச முடியாமல், சுருக்கெழுத்தில் எழுதி அவள் கையில் திணித்தான். அதற்குள் நர்ஸ் விரட்டிவிட்டாள். மறுபடி உள்ளே விடுவதற்குள் உயிர் போய்விட்டது.

"என்னட்டி எழுதியிருக்கான்?" என்றாள் அம்மா பேராச்சி. காலையிலிருந்து நாலாவது தடவை.

"பாக்கேம்மா."

பார்க்கப் பார்க்க ஆத்திரம்தான் வந்தது. சுருக்கெழுத்தில் மெய்யொலிக்குக் கோடு; உயிரொலிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி, அல்லது சின்னக் கீற்று. இவன் கோட்டை மட்டும் போட்டிருக்கிறான். சாகிற அன்றைக்கும் புள்ளி வைக்கவில்லை. மன்னிப்புக் கேட்கிற 'ஸாரி' என்று படிக்கலாம். சுருக்கெழுத்து வேலை கிடைத்ததும் முதல் சம்பளத்தில் சேலை வாங்கித் தருகிறேன் என்று நாலு வருஷமாகச் சொல்லிவந்தானே, அந்த 'ஸாரி' என்றும் படிக்கலாம். அக்காவும் தம்பியும் அம்மாவுக்குத் தெரியாமல் ரகசியம் எழுதிக்கொள்ளும்போது தமிழையும் இதில்தான் எழுதுவார்கள். அப்படியானால் 'சரி'.

மாதுங்கா இன்ஸ்டிட்யூட்டில் அவள் மூன்று வருஷம் விடியற்காலையில் எழுந்து எழுதி எழுதித்தான் நிமிஷத்துக்கு நூறு வார்த்தை வேகத்தைத் தொட்டாள். அவன் நாலே மாதத்தில் நூற்று நாற்பதை ஊதித் தள்ளினான். பரீட்சையில் தான் எழுதியதைத் தானே வாசிக்க முடியாமல் மூன்று தடவை தோற்றான். "புள்ளி எதுக்குக்கா? ஞாபகம் இருக்கும்லா" என்பான். அவள் சர்ச்கேட்டில் ஸ்டெனோ. அவன் டிராம்பேயில் ஒரு கம்பெனி வாசலில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தான்.

இன்ஸ்டிட்யூட் மாஸ்டர் பிரம்மநாயகம் மாலையோடு வந்தார். சீட்டை நீட்டினாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இத அவன்தாம்மா வாசிக்கணும்." திருப்பிக் கொடுத்தார். "என் சர்வீஸ்ல இப்பிடி ஒரு கை பாத்ததில்ல."

எல்லாரும் இதையேதான் சொன்னார்கள். கை, கை, கை. அந்தக் கையை வைத்துக்கொண்டு என்னத்தைக் கிழித்தான்? உலுக்கி எழுப்பி, புள்ளியை வைத்துவிட்டுப் படுடா என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

"ஏட்டி, தூக்கப் போறாவ. சொல்லேன்" என்றாள் அம்மா.

ஆபீஸில் அவள் ஒருநாளும் ஊகத்தில் டைப் அடித்ததில்லை. சந்தேகம் வந்தால் சொன்னவரிடமே போய்க் கேட்பாள்.

"சரின்னு எழுதியிருக்கான்மா."

"எதுக்குச் சரி?"

"எந்திரிச்சு வந்ததும் தெனம் ஒரு மணி நேரம் ஒக்காந்து எழுதுவியாலன்னு கேட்டேன். அதுக்கு."

பேராச்சியின் முகம் கொஞ்சம் தெளிந்தது. "எம்புள்ள எதுக்கு மாட்டேன்னு சொல்லியிருக்கான்?" என்றாள்.

நாலு பேர் உள்ளே வந்தார்கள். சண்முகவடிவு குனிந்து தம்பியின் வலது நடுவிரலைத் தடவிப் பார்த்தாள். அவள் விரலில் பென்சில் அழுத்தி அழுத்திக் காய்த்துப்போன இடம், அவன் விரலில் வழவழவென்று இருந்தது.