பகலில் அணைந்த ஃபிரிட்ஜ்

சிக்கனத்தை எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. பயறை முதல் நாளே ஊறவைத்தால் கேஸ் பாதிதான் செலவாகும். துணி அலசிய தண்ணீர் கழிவறைக்கு, காய் கழுவிய தண்ணீர் தொட்டிச் செடிக்கு. தேய்ந்துபோன சோப்புத் துண்டுகளைப் பிசைந்து இன்னொரு சோப்பு உருட்டுகிறவள் நான். கடைக்குப் போவதென்றால் சாப்பிட்டுவிட்டுத்தான் போவேன், பசியோடு போனால் கை கண்டதையெல்லாம் எடுக்கும். இத்தனையும் செய்துகொண்டு பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலைக்கும் போய் வருகிறேன்.

பாராட்டு மட்டும் என் வீட்டுக்காரருக்கு. இரும்புக் கடையில் கணக்குப் பார்க்கிறார். நாங்கள் இருக்கும் மாடிக் கட்டடத்தில் அவருக்கு 'மிச்சம் சார்' என்றுதான் பெயர். கரண்ட் பில் வந்தால் போதும், அதைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்விடுவார். "உங்களுக்கு எவ்ளோ வந்துச்சு? எங்களுக்குப் பாருங்க!" எதிர்வீட்டு அக்கா வாயைப் பிளப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒற்றை விளக்கு வெளிச்சத்தில் சமைக்கிறவள் நான், பெருமை இவருக்கா? சரி, அந்தப் பெயரை வாங்கி நான் என்ன செய்யப் போகிறேன் என்று விட்டுவிட்டேன்.

இதை விடமாட்டேன்.

எங்கள் மகளுக்குப் பத்து வயது. சின்ன வயதிலேயே சர்க்கரை நோய் வந்துவிட்டது. காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போட வேண்டும். அது இல்லையென்றால் பிள்ளை இல்லை, அவ்வளவுதான். மருந்துக் குப்பிகளை மொத்தமாக வாங்கி ஃபிரிட்ஜின் உள்பக்கத்தில் வைத்திருப்போம், பிரித்த குப்பி மட்டும் கதவுத் தட்டில் இருக்கும். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துத் தினமும் சர்க்கரை அளவு பார்ப்போம். நன்றாகத்தான் இருந்தாள். வெயில் காலம் ஆரம்பித்ததும் அளவு ஏறியது. ஏறியது இறங்கவே இல்லை. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள், துரும்பாக இளைத்தாள். டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டிப் பார்த்தார். அதற்கும் மசியவில்லை. போன வாரம் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "திருட்டுத்தனமா இனிப்பு ஏதாவது சாப்பிடுதான்னு கவனிங்கம்மா. இப்படியே போனா உயிருக்கே ஆபத்து."

அன்றிலிருந்து வீடு போலீஸ் ஸ்டேஷன் ஆகிவிட்டது. இவர் அவள் புத்தகப் பையைத் தலைகீழாகக் கவிழ்ப்பார். வாயை ஊதச் சொல்லி மோந்து பார்ப்பார். எங்கள் கம்பெனியில் உடைந்த பிஸ்கட்டைச் சும்மா கொடுப்பார்கள். இவளுக்காகவே அதை நான் வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை.

"அம்மா கம்பெனி பிஸ்கட்டை எங்க ஒளிச்சு வச்சிருக்க?"

"இல்லப்பா. சத்தியமா நான் எதுவும் தின்னலப்பா."

அடி. "பொய் சொல்றியா?" இன்னோர் அடி. நான் குறுக்கே விழுந்தேன். "கையை எடுங்க! அது என்ன பிள்ளையா, பொதிமாடா?"

"நீ குடுக்கிற செல்லம்தான்டி இப்படி வந்து நிக்குது."

மறுநாள் அளவு இன்னும் கூடியிருந்தது. மறுபடியும் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாப்பா. ஸ்கூல்ல ஒருத்திகிட்ட சாக்லேட் வாங்கித் தின்னேன்" என்றாள். ஓர் அறை விழுந்தது. "பாத்தியா உன் மக லட்சணத்தை?" என்று என் பக்கம் திரும்பினார். பாவி, நானும் அதை நம்பித் தொலைத்தேன்.

நேற்று கம்பெனியில் மிஷின் பெல்ட் அறுந்துவிட்டது, மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன். உள்ளே விளக்கு எரியவில்லை. தலைக்கு மேலே மின்விசிறி சுற்றுகிறது, ஃபிரிட்ஜின் சுவிட்ச் மட்டும் அணைந்திருக்கிறது. இவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, இதை யாரு ஆஃப் பண்ணது?"

"நான்தான்." பரிசு வாங்க மேடை ஏறுகிறவர் போல ஒரு சிரிப்பு. "ராத்திரி குளிர் கூட்டுற திருகை ஃபுல்லா வச்சுடுவேன், உள்ள எல்லாம் கல்லு மாதிரி உறைஞ்சிடும். அந்தக் குளிர்ச்சி பகல் பூரா தாங்கும். நீ காலைல போனதும் ஆஃப், சாயங்காலம் நான்தானே முதல்ல வர்றேன், வந்ததும் ஆன். வெயில் காலம் தொடங்கினதுலருந்து பண்றேன், நீ கண்டுபிடிக்கவே இல்ல பாரு!"

கல்லு மாதிரி. நான் குப்பிகள் இருந்த தட்டைப் பார்த்தேன். வெள்ளரிக்காய் சில நாள் கண்ணாடி போல உறைந்து கிடக்கும், பழைய ஃபிரிட்ஜ்தானே என்று அதையே நான் திட்டியிருக்கிறேன். குப்பிகளை வாரிக்கொண்டு மருந்துக் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளையாகத் துகள் ஒட்டியிருந்தது.

"உறைஞ்சு உருகியிருக்கும்மா. உறைஞ்சா வீரியம் போயிடும். இனிமே இதைத் தொடாதீங்க. புதுசு தர்றேன், ஆனா கூட்டின அளவை அப்படியே போட்டுடாதீங்க, டாக்டரைக் கேட்டுட்டுப் போடுங்க."

அங்கேயே நின்று டாக்டருக்கு போன் செய்தேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, பழைய அளவைப் போட்டு அடிக்கடி ரத்தம் பார்க்கச் சொன்னார். வீட்டுக்கு வந்து இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த மனுஷர் முதலில் என்ன கேட்டார் தெரியுமா?

"அப்ப அத்தனை குப்பியும் வீணா? ஐயோ, என்ன விலை குடுத்து வாங்கினது!"

கல்யாணமான நாளிலிருந்து நீங்க, வாங்க என்றுதான் பேசியிருக்கிறேன். அந்த மரியாதை அந்த நிமிஷத்தோடு போயிற்று.

"ஏன்யா, உனக்கு விலைதான் கண்ணுக்குத் தெரியுதா? செத்த மருந்தைப் பிள்ளை உடம்புல ஏத்தியிருக்கோம்யா! அது எலும்பும் தோலுமா நிக்குது. மருந்தைக் கெடுத்தது நீ, அடி வாங்கினது அவ. நாலு காசு கரண்ட்டுக்கு எம் பிள்ளையக் கொல்லப் பாத்தியே, நீயெல்லாம் ஒரு மனுஷனா?"

தட்டில் சோறு காய்ந்தது. அவர் பெரிய வேலைபோல எழுந்து போய் ஃபிரிட்ஜின் சுவிட்சைப் போட்டார். எனக்கு அந்தக் கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். டாக்டர் சொன்ன அளவில் புது மருந்தை ஏற்றிக் கொடுத்தேன். வழக்கம்போலத் தானே வயிற்றில் போட்டுக்கொண்டாள். நடந்ததை அவளுக்கு விளங்கும்படி சொன்னேன். இவர் வாசல்படியைத் தாண்டாமல் நின்றுகொண்டிருந்தார்.

"அப்ப நீ சாக்லேட் தின்னவே இல்லையாம்மா?"

"இல்லப்பா."

"பின்ன ஏன்டா தின்னேன்னு சொன்ன?"

அவள் ஊசியை மூடி டப்பாவில் வைத்தாள்.

"இல்லன்னு சொன்னா நிறைய அடி விழுது. ஆமான்னா ஒண்ணோட முடிஞ்சிடுது. மிச்சம்தானேப்பா?"

கிண்டலாகக் கேட்கவில்லை. சரியாகத்தான் செய்தோமா என்று அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.