மிச்ச மாத்திரை

பெரியவளும் சின்னவளும் ஓரகத்திகள். ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஆனால் முகம் கொடுத்துப் பேசி மாசக்கணக்கில் ஆகிவிட்டது. சின்னவளுக்கு பஸ்ஸில் கண்டக்டர் வேலை கிடைத்தபோது, "இனி இவ கால் தரையில நிக்குமா?" என்று பெரியவள் சலவைக்கடையில் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். சொன்ன வாய்க்கு முன்னால் கேட்ட காது வீடு வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து இருவருக்கும் நடுவில் பாத்திரங்கள்தான் பேசிக்கொண்டன.

ஒருநாள் காலையில் சின்னவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கரகரத்த குரலோடு வேலைக்குக் கிளம்பினாள். பெரியவளுக்கு மனசு கேட்கவில்லை. பல் வீங்கியபோது டாக்டர் எழுதிக் கொடுத்த அமாக்சிசிலின் அட்டையில் பாதி அப்படியே இருந்தது. வலி விட்டதும் அவளும் மாத்திரையை விட்டிருந்தாள்.

"இந்தா, இதப் போடு. ஊதிப்போன என் கன்னத்தையே வத்த வச்சது. தொண்டை இல்லாம நீ எப்படி டிக்கெட் விப்ப?"

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியது. பிறகு தயங்கினாள். "அக்கா, சின்ன வயசுல ஏதோ மருந்து போட்டு உடம்பெல்லாம் தடிச்சுப்போச்சாம். அம்மா சொல்வாங்க."

"அது எந்தக் காலத்து ஊசியோ! இது வெறும் மாத்திரைடி."

சின்னவள் சிரித்தாள். "நீங்க குடுத்தா விஷத்தையும் குடிப்பேன்க்கா" என்று விளையாட்டாய்ச் சொல்லிவிட்டு விழுங்கினாள்.

செருப்பு மாட்டும்போதே உள்ளங்கையைச் சொறிந்தாள். கழுத்தில் திட்டுத்திட்டாய்ச் சிவந்தது. உதடு தடித்தது. "மூச்சு முட்டுதுக்கா" என்றவள் வாசற்படியிலேயே சரிந்தாள்.

ஆட்டோவில் அவள் தலை பெரியவள் மடியில் கிடந்தது. தெரு முழுக்க நெரிசல். ஒவ்வொரு மூச்சும் விசில் மாதிரி இழுத்தது. ஆஸ்பத்திரி வாசலை அடைவதற்குள் அந்தச் சத்தமும் மெலிந்துவிட்டது.

டாக்டரம்மா சின்னவளின் தொடையில் ஊசியைக் குத்தியபடியே கேட்டார்: "என்ன சாப்பிட்டாங்க? ஏதாவது மருந்து?"

பேச்சுவார்த்தை இல்லாத ஓரகத்தி கையால் மாத்திரை கொடுத்தாள் என்றால் ஊர் என்ன சொல்லும்?

"தெரியலைங்க" என்றாள் பெரியவள்.

அப்போதுதான் கொழுந்தன் ஓடிவந்து நின்றான். கட்டிலில் வீங்கிக் கிடந்த முகம் தன் மனைவியுடையது என்று அவனுக்கே சட்டென்று பிடிபடவில்லை. அவன் நின்ற கோலத்தைப் பார்த்ததும் பெரியவள் உடைந்துபோனாள். "நான்தான் குடுத்தேன். பல்லுக்குக் குடுத்த மாத்திரை. அமாக்சிசிலின்."

ஊசிக்கு மேல் ஊசி போட்டார்கள். குழாய் வைத்தார்கள். மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"முதல்லயே உண்மையைச் சொல்லியிருந்தாலும் இதே ஊசியத்தான் போட்டிருப்போம்" என்றார் டாக்டரம்மா. "வந்து சேர்றதுக்குள்ள கை மீறிப்போச்சு. அது பாக்டீரியாவோட சுவரை உடைச்சுக் கொல்ற மருந்தும்மா. இவங்களுக்கு வெறும் ஜலதோஷம். அது வைரஸ். அதுக்கு உடைக்கறதுக்குச் சுவரே கிடையாது. இந்த மாத்திரை பென்சிலின் ஜாதி. ஒத்துக்காத உடம்புக்கு ஒண்ணே எமனாயிடும். அதனாலதான் முன்னாடி ஏதாவது ஒத்துக்காம போச்சான்னு கேட்டுட்டு எழுதறோம். ஒருத்தருக்கு எழுதினத இன்னொருத்தருக்குக் குடுக்கவே கூடாது."

"அவ சொன்னா" என்றாள் பெரியவள். "தடிச்சுப்போச்சுன்னு சொன்னா. நான்தான் காதுல வாங்கல."



தாழ்வாரத்தில் கொழுந்தன் சுவரைப் பார்த்து நின்றிருந்தான். அவன் அடித்தால் வாங்கிக்கொள்வது என்றுதான் பெரியவள் பக்கத்தில் போனாள். அவன் திரும்பவில்லை.

"வேணும்னு குடுத்திருக்க மாட்டீங்க அண்ணி. எனக்குத் தெரியும்" என்றான். "'உங்க அண்ணி இன்னைக்காவது எங்கிட்ட பேசுவாங்களா'ன்னு தினமும் என்னைக் கேப்பா. நீங்களா வந்து நீட்டினா, அவ எப்படி வேண்டாம்னு சொல்லுவா?"

உள்ளேயிருந்து நர்ஸ் கையெழுத்துக்குக் கூப்பிட்டாள். அவன் போனான். பின்னால் வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.