மாமியின் டொமினோக் கோட்பாடு

நோர்வேயின் வடகோடியிலுள்ள ட்ரோம்சோவில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்ததை ராகவி வியாழக்கிழமை வீட்டில் சொன்னாள். சனிக்கிழமை காலையே அப்பாவின் அக்கா யோகராணி மாமி ஒஸ்லோவுக்குள்ளேயே ட்வெய்ட்டாவிலிருந்து மோர்டென்ஸ்ருட்டில் இருந்த அவர்கள் வீட்டுக்கு வந்து இறங்கிவிட்டார். ஒரு பக்கம் மகள் துஷ்யா. கையில் டென்மார்க் மாப்பிள்ளை ஒருவரின் படம். ஆபத்து வருமுன்னே போய் அடிப்பது. ஈராக்கில் அமெரிக்கா செய்ததும் இதைத்தான் என்று ராகவி நினைத்துக்கொண்டாள். அமெரிக்க வெளியுறவுக் கொள்கையோடு மூன்று வருடம் பல்கலைக்கழகத்தில் மாரடித்தவளுக்கு வேறெப்படித் தோன்றும்?

சட்டப்படி இருபத்திரண்டு வயதுப் பெண் யாரையும் கேட்கத் தேவையில்லை. ஆனாலும் அப்பா ஓம் என்று சொல்லாமல் அவளால் பெட்டி கட்ட முடியாது. அப்பாவோ அக்காவின் பேச்சுக்கு இதுவரை மறுபேச்சுப் பேசியதில்லை.

மாமி ரோல்ஸைக் கடித்தபடி தொடங்கினார்.

"இவளைத் தனிய விட்டா அடுத்தது யோசெப்பின்ரை பெட்டை. பிறகு இரவீந்திரன்ரை ரண்டும். ஒண்டு சாய எல்லாம் சாயும், தம்பி."

ராகவிக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்தே வந்தன. இதைப் பொய்யென்று எழுதித்தான் அவள் ஆய்வுக்கட்டுரைக்கு ‘ஏ’ தரம் எடுத்திருந்தாள். வியட்நாம் சாய்ந்தால் வரிசையாய் நிறுத்திய டொமினோக் கட்டைகள் மாதிரி ஆசியாவே கம்யூனிசத்தில் சாயும் என்று பயந்துதான் அமெரிக்கா அங்கே போய் மாட்டுப்பட்டது என்று விளக்கினாள். வியட்நாம் சாய்ந்தது, லாவோசும் கம்போடியாவும் சாய்ந்தன, அத்தோடு சரி.

"தாய்லாந்து அசையேல்லை, மாமி."

"அங்கை என்னைப்போலை ஒருத்தி இருந்திருப்பாள்."

அப்பா தேநீர்க் கோப்பைக்குள் சிரித்தார். யார் பக்கத்துச் சிரிப்பென்று ராகவிக்கு விளங்கவில்லை. பக்கத்து வீட்டைப் பார்த்து யாரும் சாய்வதில்லை, அவரவர்க்கு அவரவர் காரணம் என்று அவள் விடாமல் அடித்துச் சொன்னாள். வேண்டுமானால் துஷ்யாவையே கேளுங்கள், அவள் ஒஸ்லோவை விட்டு எங்கும் அசையமாட்டாள் என்று சாட்சிக்கும் இழுத்தாள்.

துஷ்யா போனிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"நானும் ட்ரொன்ட்ஹைமுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறன், அம்மா. ராகவி அக்கா ட்ரோம்சோவுக்குப் போட்டவ எண்டு கேள்விப்பட்டுத்தான் போட்டனான்."

ராகவியின் ‘ஏ’ அந்த இடத்திலேயே செத்தது. மாமியின் கோட்பாடு வென்றுவிட்டது. வென்றவரோ வாயிலிருந்த ரோல்ஸை விழுங்க மறந்து மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா கோப்பையை வைத்தார். இரண்டு ஊரிலும் எது கூடக் குளிர் என்று கேட்டார். ட்ரோம்சோ என்றாள் ராகவி.

"அப்ப நல்ல தடிப்பான ஜக்கெற் வேணும். ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியிலை போய்ப் பாப்பம். துஷ்யா, நீயும் வந்து காரிலை ஏறு. அக்கா, நீங்கள் முன் சீற்றிலை இருங்கோ."